அத்திப்பள்ளியிலேயே கேட்டுவிட்டார்கள்

இன்று காலை ஓசூர் வீட்டிலிருந்து காரில் தனியாகக் கிளம்பினேன். நேபாளம், சீனா, கிர்கிஸ்தான், கஜகஸ்தான், ரஷ்யா.

கிளம்புகிறவளை யாரும் "எங்க போற?" என்று கேட்டுவிடக் கூடாதே என்று அம்மா வாசலில் காவல் நின்றாள். எதிர்வீட்டு அக்கா கேட்க வந்ததை விழுங்கிவிட்டுக் கையை மட்டும் ஆட்டினார்.

ஊர் தாண்டி அத்திப்பள்ளி எல்லையில் கர்நாடக போலீஸ்காரர் நிறுத்தினார்.

"எல்லிகே ஹோக்தித்தீரா மேடம்?"

எங்கே போகிறேனாம்! "பெங்களூரு சார்" என்று பொய் சொன்னேன். விட்டுவிட்டார்.

ஃபேக்டரியில் குவாலிட்டி இன்ஜினியர் நான். இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. ஆனாலும் அடுத்த யூ டர்னில் வண்டியை வீட்டுக்கே திருப்பிவிட்டேன்.

விஷயத்தைச் சொன்னதும் அம்மா சிரிக்கவில்லை. "உக்காரு. தண்ணி குடிச்சிட்டு மறுபடி கெளம்பு."

குடிக்கும்போது மெதுவாகக் கேட்டாள். "இப்ப உக்காந்துதான இருக்க, கேக்கலாம். எந்தெந்த நாட்டுக்கு பாப்பா போற?"

"இத்தனை நாள் ஏம்மா கேக்கல?" என்மேல் கோபம் என்றல்லவா நினைத்திருந்தேன்!

"கேட்டா தட்டிப் போயிடுமோன்னு பயம்."

ஒவ்வொரு நாடாகச் சொன்னேன். அம்மா எழுந்துபோய் இன்னொரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்தாள்.

எல்லா நாட்டு எல்லையிலும் முதல் கேள்வியே இதுதானாம். ஒவ்வொரு தடவையும் தண்ணீர் குடிக்க ஓசூருக்கே வர வேண்டுமா, காரில் உட்கார்ந்து குடித்தாலே போதுமா? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

இன்னும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.