கடித்தது கையை

தேயிலை வெட்டும் மெஷினை இரண்டு பேர் பிடிக்க வேண்டும். என் எதிரே பிடிப்பவன் ஒரு நேப்பாளி. இருவருக்கும் தெரிந்த கொஞ்சம் மலாய் மொழியில்தான் பேச்சு. அன்று காலை மெஷினில் சிக்கிய கொடியை இழுக்கச் செடிக்குள் கையை விட்டேன். இலை நிறத்திலேயே சுருண்டு கிடந்த பச்சை விரியன் விரலில் கொத்திவிட்டது. அவன் என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றி, தன்னோடு சேர்த்துத் துண்டால் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தான். உடனே வேலைக்குத் திரும்பிவிட்டான்.

விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். கை வீக்கம் மெல்ல வடிந்தது. மனைவி இறந்தபின் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் நான் தனி. ஜொகூரிலிருந்து மகள் போன் செய்தபோது, ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே, "வேலைக்குக் கெளம்புறேம்மா" என்று சொல்லிவைத்தேன்.

மறுநாள் வலது இடுப்புக்குள் வலித்தது. கட்டில் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன். சாயங்காலம் பக்கத்துக் கட்டிலைச் சுற்றி ஒரு குடும்பமே நின்று சிரித்துக்கொண்டிருந்தது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கப் பார்த்தேன். காலை நீட்ட முடியவில்லை. தொடை மரத்திருந்தது. எழுந்தால் முழங்கால் மடங்கியது. கட்டில் கம்பியைப் பிடித்துத் தொங்கினேன்.

தமிழ் நர்ஸ் ஓடிவந்தார். "ஏன் அங்கிள், முன்னாடியே சொல்லக்கூடாதா?"

"கடிச்சது கைய. இடுப்பு வலிய என்னன்னு சொல்றது?"

ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி ஸ்கேன் எடுத்தார்கள். விஷம் ரத்தத்தை உறைய விடாமல் செய்திருந்தது. அடியே படாத இடுப்புத் தசைக்குள் ரத்தம் கசிந்து தேங்கி, கால் நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. இது அபூர்வம் என்று டாக்டர் மற்ற டாக்டர்களையும் கூட்டிவந்து காட்டினார். வந்தவர்கள் படத்தைப் பார்த்தார்கள். அன்று முழுக்க என் கட்டிலருகே வந்தவர்கள் அவர்கள்தான்.

மறுபடியும் விஷமுறிவு மருந்து; ரத்தமும் ஏற்றினார்கள். பயந்து போய் மகளைக் கூப்பிட்டேன்.

"என்னப்பா, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"நீ வந்துட்டுப் போறியா?" ஆஸ்பத்திரி பேரைச் சொன்னேன்.

இரவு பஸ் பிடித்து வந்தாள். வீட்டுக்கு அனுப்பும்வரை என் காலைத் தூக்கித் தூக்கி நடக்கப் பழக்கினாள். "எங்கூடவே வந்துருங்கப்பா" என்றாள். அவள் வாடகை அறையை நான் பார்த்திருக்கிறேன். மறுத்துவிட்டேன்.

கால் ஓரளவு திரும்பிவிட்டது; மேடு ஏறத்தான் முடிவதில்லை. மெஷினுக்கு வேறு ஆள். எனக்கு நாற்றுப் பைகளில் மண் நிரப்பும் வேலை. நேப்பாளி எட்ட இருந்து கையசைப்பான். மதியத்திலேயே பனி இறங்கினால் அதுவும் தெரியாது.