ஃபவுண்டேஷனில் வரைந்த என் முகம்

போன வருடம் தீபாவளிக்குச் சில வாரங்களுக்கு முன்பு மலாக்காவின் மெர்லிமாவில் நடந்தது இது. அங்கே நான் சின்னதாக ஓர் அழகு நிலையம் வைத்திருக்கிறேன். கல்யாணப் பெண்களுக்கு அலங்காரம் செய்வதுதான் முக்கிய வேலை. என் கன்னத்திலும் மோவாயிலும் வெண்புள்ளி உண்டு. அப்போது ஊரில் என் கணவரைத் தவிர யாருக்கும் அது தெரியாது. கடை திறப்பதற்கு முன்பே ஃபவுண்டேஷன் பூசி மறைத்துவிடுவேன். பின்னே, முகத்தில் வெள்ளைத் திட்டு உள்ளவளிடம் எந்தப் பெண் தன் முகத்தைக் கொடுப்பாள்?

அப்போது ஓர் ஓவியர் வந்தார், இளம்பெண். ஊர்க்காரர்களின் முகங்களை வரைந்து சமூக மண்டபத்தில் மாட்டப் போகிறாராம். அவர் வேலை செய்யும் விதமே தனி. முதலில் அவர் கரியால் வரைவார். பிறகு அவரவர் தொழிலில் புழங்கும் பொருளைக் கொண்டே அந்தப் படத்தை அவரவரையே முடிக்கச் சொல்வார். ரொட்டி சானாய் போடும் அண்ணன் மாவைக் குழைத்து ஒட்டினார். லோரி ஓட்டும் அண்ணன் எஞ்சின் எண்ணெயைத் தொட்டு மீசை வரைந்துகொண்டார், நிஜத்தைவிடக் கொஞ்சம் தாராளமாகவே. வரையப்பட்டவர் வேண்டாம் என்றால் படத்தை மாட்டமாட்டார்.

ஆசையோடு போய் உட்கார்ந்தேன். "அக்கா, வீட்டுல இருக்கிற முகம்தான் எனக்கு வேணும். மேக்கப் இல்லாம ஓகேவா? கஷ்டம்னா வேணாம்லா," என்றார். எழுந்து வந்துவிடத்தான் நினைத்தேன். ஆனால் இத்தனை வருடம் ஒளித்து ஒளித்து அலுத்துவிட்டதோ என்னவோ, போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. பாவம் பார்க்கவும் இல்லை. வரைய ஆரம்பித்துவிட்டார்.

கரி படாத வெறும் காகிதமாக என் வெண்புள்ளிகளை விட்டிருந்தார். "கலர் நீங்க போடுங்கக்கா," என்று படத்தைத் தந்தார். என் மேக்கப் பெட்டியைத் திறந்தேன். பழக்கதோஷம், கை நேராக அந்த வெள்ளைக்குத்தான் போனது. மோவாயை முழுசாக மூடிவிட்டேன். அழகாகத்தான் இருந்தது. ஆனால் அது நான் இல்லை, யாரோ ஒருத்தி. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பஞ்சை எடுத்து, பூசியதைத் துடைத்தேன். கன்னத்து வெள்ளையைத் தொடவில்லை. மற்ற இடத்துக்கெல்லாம் என் நிறத்தை நானே குழைத்துப் போட்டேன்.

படம் மண்டபத்தில் ஏறியது. மறுநாளே ஒரு கல்யாணப் பெண்ணின் அம்மா போன் செய்தார். "ஒட்டிக்குமாமே மா? வேற ஆள் பாத்துக்கிறோம்லா." ஒட்டாது என்று எவ்வளவு சொல்லியும் அவர் கேட்கவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? எனக்கு அவமானமாக இருந்தது. படத்தைக் கழற்றிவிடச் சொல்லலாம் என்று மண்டபத்துக்கு ஓடினேன்.

ஓவியர் உடனே ஏணியைப் போட்டுக் கழற்றி, என் முகத்துக்கு நேரே பிடித்தார். "எடுத்துடலாம்கா. ஆனா உங்களுக்குப் புடிச்சிருக்கா?"

அலங்காரம் முடிந்ததும் கண்ணாடியைக் காட்டி ஒவ்வொரு கல்யாணப் பெண்ணிடமும் நான் கேட்கிற கேள்வி அது. என்னிடம் யாரும் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

பிடித்திருந்தது. திரும்ப மாட்டச் சொல்லிவிட்டு வந்தேன்.

போன வாடிக்கை போனதுதான். சில நாள் இன்னமும் பூசிக்கொள்கிறேன், சில நாள் அப்படியே கடையைத் திறக்கிறேன். ஆனால் இப்போதெல்லாம் ஊருக்குப் பயந்து இல்லை, எனக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்டுத்தான்.