காக்கா தொட்ட நாட்கள்

மாதத்தில் மூன்று நாள் என்னைக் காக்கா தொடும். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கு அப்படித்தான் சொல்லி வைத்திருந்தார்கள். காக்கா தொட்டுவிட்டால் அம்மா சமையல்கட்டுக்குள் வரக்கூடாது, யாரையும் தொடக்கூடாது. கிணற்றடியை ஒட்டிய சின்ன அறையில் தட்டு, சொம்பு, பாயோடு உட்கார்ந்திருக்க வேண்டும். மாமியார் தளிகை பண்ணி, எட்ட நின்று என் தட்டில் சாதம் போடுவார். பெரிய பெண் ஒருமுறை கேட்டாள், "ஏம்மா, பாட்டியை மட்டும் ஏன் காக்கா தொடறதே இல்லை?" நான் கிணற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த வழக்கத்தைத் திட்டுவதற்கு என்னிடம் நிறைய இருக்கிறது. ஆனால் அந்த வருஷங்களில் காக்கா வராவிட்டால்தான் எனக்குக் குலை நடுங்கும். வந்துவிட்டாலோ, பாயைச் சுருட்டிக்கொண்டு ஓட்டமாக அந்த அறைக்கு ஓடுவேன். என்னைப் பார்த்ததும் மாமியார் ஒரு பெருமூச்சு விடுவார். இந்த மாதமும் பேரன் இல்லை என்று அதற்கு அர்த்தம். நான் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சிரிப்பேன். இந்த மாதமும் நான் சாகப்போவதில்லை என்று இதற்கு அர்த்தம்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஐம்பதுகளின் நடுவில் எனக்குக் கல்யாணம். முதல் இரண்டு பெண்களும் சுகமாகப் பிறந்தார்கள். மூன்றாவது பெண் வீட்டில் பிறந்தபோது உதிரப்போக்கு நிற்கவே இல்லை. அடித்துப் பிடித்துப் புத்தூரிலிருந்து ஒரு டாக்டரம்மாவைக் கூட்டிவந்தார்கள். எப்படியோ என்னைப் பிழைக்க வைத்துவிட்டு, கை கழுவிக்கொண்டே அவர் என் கணவரிடம் சொன்னார்: "இன்னொண்ணு வந்துச்சுன்னா இவங்களைக் காப்பாத்த என்னால ஆகாது. இப்பவே சொல்லிட்டேன்." என் கணவர் தலையாட்டினார். மாமியார் கதவருகே நின்றிருந்தார். குழந்தை தவழத் தொடங்கியதும் பேரன் பேச்சை மறுபடி எடுத்துவிட்டார். அன்றைக்கு டாக்டரம்மா சொன்னது அவர் காதில் விழவே இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

விலகி இருந்துவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். எனக்கு என் கணவரைப் பிடிக்கும். அதுதான் தொல்லையே.

அப்போது நான் திருச்சியில் ஒரு பெண்கள் ஸ்கூலில் சயன்ஸ் டீச்சர். பூவின் மகரந்தம் எங்கிருந்து எங்கே போய்ச் சேருகிறது என்று கலர் சாக்பீஸில் படம் போட்டு விளக்குவேன். மனிதர் பாடம் வந்தால், "இதை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று பக்கத்தைத் திருப்பிவிடுவேன். எனக்குப் பாடம் எடுத்தவரும் அப்படித்தான் திருப்பினார். ஆகவே இந்த விஷயத்தில் எனக்கு வாய்த்த ஒரே குரு, மேலப்புதூரிலிருந்து வரும் கணக்கு டீச்சர்தான். கத்தோலிக்கப் பெண். மத்தியானம் டிபன் டப்பாவைத் திறக்கும்போது, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு இருவரும் அனுபவங்களை ஒப்பிட்டுக்கொள்வோம்.

அவளுக்கு வழி ஒன்றே ஒன்றுதான். நாள் பார்ப்பது. மற்றதெல்லாம் பாவம் என்று கோயில் சாமியார் சொல்லியிருந்தார். எந்தெந்த நாள் ஆபத்து, எந்தெந்த நாள் பரவாயில்லை என்று அவள் மனக்கணக்காகவே சொல்வாள். ஜில்லாவிலேயே அவளை மாதிரி அல்ஜீப்ரா சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. அவளுக்கு ஐந்து குழந்தைகள்.

"கணக்கு சரிங்க டீச்சர். உடம்புதான் கணக்குல அடங்க மாட்டேங்குது" என்பாள். எனக்கு அவள் கற்றுக்கொடுத்த கணக்கை ஒரே வாரத்தில் கைவிட்டேன். எங்கள் வீட்டில் கூடுதல் சங்கடம் ஒன்று உண்டு. என்னைக் காக்கா தொட்ட தேதி வீட்டுக்கே தெரியுமாகையால், நான் எந்த நாளில் கணவரிடம் முகம் கொடுத்துப் பேசுகிறேன், எந்த நாளில் குழந்தைகளை நடுவில் போட்டுக்கொள்கிறேன் என்பதை யார் வேண்டுமானாலும் கண்டுபிடிக்கலாம்.

அடுத்து, ரப்பர் உறை வாங்கி வரச்சொல்லிக் கணவரை அனுப்பினேன். அவர் திருச்சியில் ஒரு ஆபீசில் குமாஸ்தா. தினம் சைக்கிளில் காவிரிப் பாலத்தைத் தாண்டிப் போய்வருவார். தெப்பக்குளம் பக்கம் ஒரு மருந்துக்கடைக்குள் நுழைந்திருக்கிறார். கல்லாவில் இருந்தவர் அவரோடு கூடப் படித்தவர். தலைவலித் தைலம் ஒன்று வாங்கிக்கொண்டு திரும்பினார். அடுத்த தடவை பாலக்கரையில் ஆளே தெரியாத கடை. பக்கத்தில் வந்து நின்றவர் எங்கள் தெருக்காரர். மறுபடியும் தைலம். இப்படியே வீட்டில் தைலப் பாட்டில் வரிசை கட்டி நின்றது. "குழந்தைக்கு ஓயாத தலைவலி, பாவம்" என்று மாமியார் சுக்கை அரைத்து அவர் நெற்றியில் பற்றுப் போட்டார். அவரும் பேசாமல் நெற்றியைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இனி இந்த மனுஷரை நம்பிப் பிரயோஜனமில்லை என்று நானே டாக்டரம்மாவிடம் போனேன். அவர் நுரை மாத்திரை கொடுத்தார். உள்ளே வைத்துக்கொண்டால் ஈரத்தில் நுரைத்துக் காப்பாற்றும் என்றார். காப்பாற்றியதோ என்னவோ, எரித்தது. மிளகாய் அரைத்த கையைக் கண்ணில் வைத்துக்கொண்ட மாதிரி ஒரு எரிச்சல். அதையும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். ஆனால் ஸ்ரீரங்கத்தைச் சுற்றி இரண்டு பக்கமும் ஆறு. ஆற்றில் தண்ணீர் பெருகி மழையும் சேர்ந்துகொண்டால், எங்கள் வீட்டில் உப்பு ஜாடியே கசிய ஆரம்பித்துவிடும். ஐப்பசியில் ஒருநாள் டப்பாவைத் திறந்தேன். மாத்திரைகள் எல்லாம் எனக்காகக் காத்திராமல் தாங்களே பொங்கி முடித்திருந்தன.

பிறகு உள்ளே பொருத்திக்கொள்ளும் ரப்பர் மூடி. கிண்ணம் போலக் குழிவாக, சுற்றிலும் வளையம் வைத்தது. டாக்டரம்மா அளவு பார்த்துக் கொடுத்தார். நல்ல சாதனம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதைச் சோப்புப் போட்டுக் கழுவி, நிழலில் உலர்த்தி, பவுடர் தூவி வைக்க வேண்டும். கூட்டுக்குடும்பத்தில் கைக்குட்டையைக்கூட யார் கண்ணிலும் படாமல் உலர்த்த முடியாது. பீரோவின் பின்பக்கம் ஓர் இடம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். அந்த நவராத்திரிக்குக் கொலு வைக்கும்போது, நடுப் பெண்ணுக்கு அந்த இடம் கண்ணில் பட்டுவிட்டது.

சாயங்காலம் தெருவே சுண்டலுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறது. வெற்றிலைத் தட்டோடு கூடத்துக்கு வருகிறேன். கடைசிப் படியில் பருப்பும் அரிசியும் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் செட்டியார் பொம்மையின் தலையில் என் ரப்பர் மூடி. அத்தனை பேர் முன்னால் போய்ப் பிடுங்கவும் முடியாது. "குழந்தை செட்டியாருக்குத் தொப்பி போட்டிருக்கா பாருங்கோ" என்று மாமியாரே பெருமையாகக் காட்டிக்கொடுத்தார். பக்கத்து வீட்டு மாமி குனிந்து பார்த்து, "ரொம்பப் பொருத்தமா இருக்கே! எங்கே வாங்கினேள்?" என்றாள். திருச்சியில் வாங்கினோம் என்றேன். பாட்டெல்லாம் பாடி ஆரத்தி எடுத்து முடியும்வரை செட்டியார் அப்படியே உட்கார்ந்திருந்தார். அதன்பின் அந்த மூடியைத் தொட எனக்கு மனசு வரவில்லை. மறுநாள் டிபன் நேரத்தில் இதைச் சொன்னபோது கணக்கு டீச்சருக்குப் புரையேறிவிட்டது.

அறுபதுகளின் பாதி கடந்ததும், கர்ப்பப்பைக்குள் வைக்கும் லூப் வந்தது. வேனில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு தெருத்தெருவாகச் சொன்னார்கள். ஒருதரம் வைத்துக்கொண்டால் போதும், வருஷக்கணக்கில் கவலை இல்லை. மாத்திரை, மூடி, பவுடர் ஒன்றும் கிடையாது. மறைத்து வைக்கவும் வேண்டியதில்லை. சனிக்கிழமை ஸ்கூல் விட்டதும் போய் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் திரும்பினேன். இனி நான் சாக மாட்டேன் என்று பஸ்ஸில் எல்லாரையும் பார்த்துச் சிரிக்க வேண்டும்போல் இருந்தது.

லூப்பை வடிவமைத்தவர்கள் எதை எதையெல்லாமோ யோசித்திருப்பார்கள். ஸ்ரீரங்கத்துக் கிணற்றடி அறையை யோசிக்கவில்லை. சிலருக்கு அதனால் உதிரம் கூடுதல் நாட்கள் போகும். எனக்குப் போனது. மூன்று நாள் முடிந்து குளித்துவிட்டுச் சமையல்கட்டில் காலை வைத்தால், மறுபடி காக்கா. மாதத்தில் பாதி நாள் நான் அந்த அறையில்தான் குடியிருந்தேன். ஸ்கூலுக்கு மட்டும் பின்வாசல் வழியாகப் போய்வருவேன். முழங்கால் வலியோடு மாமியார் இருவேளையும் அடுப்படியில் நின்றார். அம்மா மடியில் உட்கார முடியாத கோபத்தில் கடைக்குட்டி ஒரு கல்லைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்தில் திரிந்தாள். "அந்தக் காக்காவை இன்னிக்குக் கொன்னுடப் போறேன்" என்றாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அடுத்த வாரமே லூப்பை எடுத்துவிட்டேன். பயம் பழையபடி வந்து ஒட்டிக்கொண்டது.

அந்தச் சமயத்தில்தான் இரண்டு குடும்பமும் சேர்ந்து முக்கொம்புக்குப் போனோம். என் மூன்றும் அவளுடைய ஐந்தும் புல்லில் புரண்டுகொண்டிருந்தன. புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்ததும் கணக்கு டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து போனாள். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தாள். நான் பார்த்தேன். அவளும் ஆமாம் என்று தலையசைத்தாள். "ஆண்டவர் குடுக்கறாருங்க. நாம என்ன செய்யறது?" என்று அவள் கணவர் எங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் அதிகம் வாந்தியெடுத்துச் சோர்ந்துபோனதால், அவளுடைய கடைசிக் குழந்தையைப் பஸ்வரை எங்கள் வீட்டுக்காரர்தான் தூக்கிக்கொண்டு நடந்தார்.

பஸ்ஸில் எங்கள் பெண்கள் தூங்கிப்போனார்கள். அவர் மெல்லக் கேட்டார், "அன்னிக்கு டாக்டரம்மா சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கோ?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எனக்கு இல்லாம வேற யாருக்கு இருக்கும்? ஆம்பளைகளுக்கு ஒரு சின்ன ஆபரேஷன் இருக்கு, ஒரே நாள்ல முடிஞ்சுடும்னு அவரே அப்புறம் எத்தனை தரம் சொல்லியனுப்பினார்! உங்களுக்கு ஊசின்னா பயம். எனக்கு மாசா மாசம் யமன் வந்து வாசல்ல நிக்கறான்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த வாரம், துவாக்குடிப் பக்கம் ஆபீஸ் வேலை இருப்பதாக வீட்டில் சொல்லிவிட்டுச் சைக்கிளில் கிளம்பினார். சாயங்காலம் குதிரை வண்டியில் வந்து இறங்கினார். சைக்கிளை வண்டிக்காரன் தனியாக இறக்கிவைத்தான். என்னிடம் மட்டும், "முடிஞ்சுடுத்து" என்றார். முகம் வெளுத்திருந்தது. ஊசி போடும்போது கண்ணை இறுக்க மூடிக்கொண்டாராம். சைக்கிள் மிதிக்கக்கூடாது, குனியக்கூடாது, கனம் தூக்கக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். நான் சமையல்கட்டுக்குள் போய்ப் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அவ்வளவு நாள் அழாத அழுகை.

மறுநாள் காலையில், சொல்லாமல் கொள்ளாமல் காஞ்சிபுரத்திலிருந்து என் கணவரின் பெரியப்பா வந்து இறங்கினார். குடும்பத்துக்கே மூத்தவர். எங்கள் வழக்கப்படி அவரைக் கண்டதும் தரையில் விழுந்து சேவிக்க வேண்டும், அதுவும் ஒரு தடவை போதாது. நான் சேவித்தேன், குழந்தைகள் சேவித்தார்கள். என் கணவர் கூப்பிய கையோடு தூணை ஒட்டி நின்றுகொண்டிருந்தார். பெரியப்பாவின் புருவம் ஏறியது.

"அவனுக்குக் குடலிறக்கம். குனியப்படாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கா" என்று உள்ளேயிருந்து மாமியாரின் குரல் வந்தது.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். குடலிறக்கம் என்று நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. எதுவுமே சொல்லவில்லை. மத்தியானத்துக்குள் அந்தக் குடலிறக்கம் தெரு முழுக்கப் பரவிவிட்டது. ஆளுக்கொரு கை வைத்தியம் சொல்லி அனுப்பினார்கள்.

பெரியப்பா ஊருக்குப் போன பிறகு, அரிசி களைந்துகொண்டிருந்த மாமியார் பக்கத்தில் போய் நின்றேன். எப்படித் தெரியும் என்று கேட்கவும் தைரியமில்லை.

"சைக்கிள்ல போனவன் வண்டில வந்தா தெரியாதா?" என்று அவரே ஆரம்பித்தார். "இந்தத் தெருவுல எத்தனை பேருக்குக் குடலிறக்கம் வந்திருக்குன்னு நினைக்கறே?"

அரிசியை இன்னொரு தரம் அளைந்தார்.

"எனக்குப் பேரன் வேணும்னு ஆசைதான். இன்னமும் ஆசைதான். இல்லேன்னு சொல்ல மாட்டேன்." களைந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீர் விட்டார். "மூணாவது பிரசவத்துல உன் துணியெல்லாம் கிணத்தடில அலசினது யாருன்னு நினைச்சே? நான்தான். இறைச்சு இறைச்சு ஊத்தறேன், தண்ணி தெளியவே மாட்டேன்னுடுத்து." நானும் உட்கார்ந்து அவரோடு சேர்ந்து அரிசி களைந்தேன்.

ஸ்கூலில் கணக்கு டீச்சரிடம் இதைச் சொன்னேன். வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, "உங்க வீட்டுக்காரரை எங்க வீட்டுக்காரரோட இன்னொரு தடவை முக்கொம்புக்கு அனுப்பிவைங்க டீச்சர்" என்றாள். அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

டாக்டரம்மா இன்னும் சில மாதம் ஜாக்கிரதையாக இருக்கச் சொல்லியிருந்தார். இருந்தோம். சோதித்துப் பார்த்து, எல்லாம் சரியாகிவிட்டது என்று அவர் சொன்ன பிறகு ஒருநாள் என்னைக் காக்கா தொட்டது. பாயை எடுத்துக்கொண்டு கிணற்றடி அறைக்குப் போனேன். ஓடவில்லை, நடந்துதான் போனேன். மாமியார் எட்ட நின்று சாதம் போட்டார். பெருமூச்சு வரவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்கும் சிரிப்பு வரவில்லை. சுவரைப் பார்த்தேன், ஜன்னலைப் பார்த்தேன், அந்த அறை எவ்வளவு சின்னது என்று முதல் தடவையாகப் பார்த்தேன்.

"அம்மா, அந்த வாரப் பத்திரிகையைக் கொஞ்சம் இப்படித் தூக்கிப் போடறேளா?" என்று மாமியாருக்குக் கேட்கும்படி கத்தினேன். "இங்கே பொழுதே போக மாட்டேங்கறது!"