பூஜைக்கு அணைக்காத கம்ப்யூட்டர்

திருப்பூர் மண்ணரையில் எங்கள் பனியன் கம்பெனியின் கம்ப்யூட்டர் அறையைப் பார்த்துக்கொள்கிற பெண் மெஹ்ஜபின். அவளைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் நான் அவள் அப்பா ராஜா முகமதுவிலிருந்துதான் வருவேன். அவர் தாராபுரத்துக்காரர். அவருடைய அப்பா சந்தையில் மாட்டுக் கயிறும் மணியும் விற்றவர். ராஜா முகமது மீசை முளைத்த வயதில் திருப்பூருக்கு வந்து, பழைய தையல் மிஷின்களை வாங்கிச் சரிசெய்து விற்கிற கடை போட்டார். பல்லடத்து ஜஹானாராவைக் கட்டினார். மூத்தவன் ஃபைஸ் சென்னைக்குப் போய் அங்கேயே குடும்பம் ஆகிவிட்டான். இளையவள் இவள். இப்படி வேர் பிடித்துச் சொன்னால்தான் ஓர் ஆளைத் தெரிந்த மாதிரி எனக்கு இருக்கும். வெறும் பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நான் கம்பெனி கேட்டில் உட்கார்ந்திருப்பவன். படிப்பு நாலாவதோடு சரி. முதலாளி தமிழ்செல்வன் என் அக்கா பெரியாத்தாளின் மகன் என்பதால் என்னை வாட்ச்மேன் என்று யாரும் சொல்வதில்லை. அவன் மாமா என்கிறான், கம்பெனி முழுக்க மாமா என்கிறது. மெஹ்ஜபினும் அப்படித்தான்.

அவள் அறையில் எந்நேரமும் ஏசி ஓடும். அவளுக்குக் குளிர் ஆகாது. அதனால் சித்திரை வெயிலில்கூட ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியில் வந்து இறங்குவாள். திருப்பூரில் ஸ்வெட்டர் தைக்கிற ஆட்கள் உண்டு, போட்டுக்கொண்டு திரிகிற ஆள் இவள் ஒருத்திதான் என்று டெய்லர்கள் கேலி பேசுவார்கள். "உங்க கைப்பக்குவத்த நானாவது போட்டுப் பாக்கறேனுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள். கையில் எப்போதும் கடலை மிட்டாய். அந்த அறைக்குள் கிடக்கிற ஒயர்களுக்கு மாம்பழம், சீத்தாப்பழம், கொய்யா என்று பெயர் எழுதி ஒட்டி வைத்திருக்கிறாள். நம்பர் போட்டால் மறந்துவிடுமாம்.

அங்கே சர்வர் என்று ஒரு பெரிய மிஷின் இருக்கிறது. எந்த ஆர்டருக்குத் துணியை எப்படி வெட்ட வேண்டும் என்கிற படமெல்லாம் அதன் டிஸ்க்கில்தான் குடியிருக்கிறது. கட்டிங் அறையிலும் ஆபீசிலும் இருக்கிற கம்ப்யூட்டர்கள் ஒயர் வழியாக அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். ஆவணி கடைசியில் அந்த டிஸ்க் முனக ஆரம்பித்தது. வயசான டிஸ்க், மாற்றியே ஆக வேண்டும் என்றாள்.

அதே சமயம் கோயம்புத்தூரிலிருந்து ஒரு கம்பெனிக்காரர் வந்து, உங்கள் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் நாங்களே அங்கிருந்து பார்த்துக்கொள்கிறோம், இங்கே தனியாக ஆளே வேண்டாம் என்று பேசிவிட்டுப் போயிருந்தார். தமிழ்செல்வனுக்கு அது மனதில் விழுந்துவிட்டது. மெஹ்ஜபினைக் கூப்பிட்டு என் முன்னாலேயே சொன்னான்.

"கண்ணு, ஆயுத பூஜை லீவுல டிஸ்க்கை மாத்தீரு. லீவு முடிஞ்சு மறுபூஜை போட்டதும் கட்டிங் ஓடோணும். நின்னுச்சுன்னா அவங்களையே வரச் சொல்லீருவேன். அப்பறம் எம்மேல வருத்தப்படக் கூடாது."

"செரிங்க" என்றாள். அன்றைக்குக் கடலை மிட்டாய் தின்னவில்லை. அவள் படிப்புக்கு வேலை கோயம்புத்தூரிலோ பெங்களூரிலோ கிடைக்காமல் போகாது. ஆனால் ராஜா முகமதுவுக்குக் கண் மங்கிவிட்டது, ஜஹானாராவுக்கு முழங்கால் மடங்குவதில்லை. அவர்களை விட்டுவிட்டு அவள் எங்கே போவாள்? ஸ்கூட்டியில் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய் வருகிற தூரத்தில் இப்படி ஒரு வேலை இன்னொன்று இல்லை.

பூஜைக்கு முதல் நாளே எல்லாரிடமும் போய், சாமி கும்பிட்டதும் அவரவர் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் போகும்படி கேட்டுக்கொண்டாள். கட்டிங் மாஸ்டர் ராக்கையாவிடமும் சொன்னாள். அவர் விருதுநகர் பக்கத்துக்காரர். அவருடைய தாய்மாமன் பழைய மில்லில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர், அவரிடம் கத்தரி பிடித்துப் பழகியவர் ராக்கையா. அந்த வீட்டு வழக்கம், புது ஆர்டரின் முதல் படத்தை ஆயுத பூஜையில் சாமி முன்னால் வைப்பது. காகிதத்தில் வரைந்த காலத்தில் காகிதத்தை வைத்தார். இப்போது படம் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டதால் கம்ப்யூட்டரையே வைக்கிறார். குழந்தைகள் டி-ஷர்ட் ஆர்டர் ஒன்று வந்திருந்தது. அந்தப் படத்தைத் திரையில் திறந்து வைத்து, ஓரத்தில் சந்தனம் குங்குமம் வைத்து, செவ்வந்தி மாலை போட்டு, மேலே புதுத்துண்டு ஒன்றைப் போர்த்திவிட்டார். சாமிக்கு வைத்ததை அணைக்க அவருக்கு மனம் வரவில்லை. திரை தானாக இருண்டுவிட்டது.

எல்லாரும் பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு போன பிறகு மெஹ்ஜபின் அறை அறையாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். ராக்கையாவின் மேஜையில் துண்டும் மாலையுமாக இருந்தது. துண்டைத் தூக்கிப் பார்க்கலாமா என்று சற்று நின்றாள். பிறர் பூஜையில் வைத்ததை நாம் தொடக் கூடாது என்று திரும்பிவிட்டாள். கேட்டிலிருந்து நானும் கூட வந்திருந்தேன். எனக்கும் தூக்கிப் பார்க்கத் தோன்றவில்லை.

அன்று மத்தியானமே வேலையை முடித்தாள். பழைய டிஸ்க்கில் இருந்ததெல்லாம் புது டிஸ்க்குக்குப் போயாகிவிட்டது. அதே பெயர்கள், அதே அடுக்கு, ஒன்று குறையவில்லை. பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டி, ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒன்றைப் போட்டுப் பார்த்தாள். எல்லாம் திறந்தது. ஸ்வெட்டரைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தபடி போனாள்.

லீவு முடிந்த காலையில் மறுபூஜை. பூசணிக்காய் உடைத்தாயிற்று. மேஜையில் துணி அடுக்கு விரித்துக் காத்திருந்தது. ராக்கையா துண்டை எடுத்து, திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, நல்ல நேரம் பார்த்து ஒரு பட்டனை அமுக்கினார். திரையில் இங்கிலீஷில் ஒரு வரி வந்தது. மறுபடி அமுக்கினார். மறுபடி அதே வரி.

தமிழ்செல்வன் வந்து படித்தான். "ஸ்டேல் ஃபைல் ஹேண்டில். பழசாப் போச்சுங்குது" என்றான். அங்கேயே கோயம்புத்தூர்க்காரருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். அவர் நிதானமான ஆள். டிஸ்க் மாற்றினால் இப்படி வருவது உண்டு, அந்தக் கம்ப்யூட்டரை ஒரு தடவை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்றார். தமிழ்செல்வன் அணைக்கக் குனிந்தான்.

மெஹ்ஜபின் ஓடி வந்து அவனுக்கும் மேஜைக்கும் நடுவில் நின்றுகொண்டாள். மூச்சு வாங்கியது. முதலாளியைப் பார்க்கவில்லை, ராக்கையாவைப் பார்த்தாள்.

"மாஸ்டர், நீங்க அமுக்குனது சேவ் பட்டனுங்களா?"

ராக்கையா தலையைச் சொறிந்தார்.

"படத்துல என்னமோ மாத்தியிருக்கீங்க. சொல்லீருங்க, பரவால்ல."

"துவைச்சுப் பாத்ததுல துணி நீளவாக்குல சுருங்குச்சு தாயி. அதான் எல்லா சைசுக்கும் நீளத்தக் கூட்டி, வேஸ்ட் விழாம திருப்பி அடுக்கிருக்கேன். ரெண்டு நாள் வேல. சேவ் பண்றத மட்டும் மறுபூஜையில நல்ல நேரத்துல பண்ணலாம்னு விட்டுட்டேன்."

போனுக்குள் இருந்தவர் "ஐயையோ, அப்ப அணைச்சுராதீங்க" என்றார். திருத்தமெல்லாம் அந்தத் திரையில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. அணைத்திருந்தால் போயிருக்கும். பழைய அளவில் வெட்டியிருந்தால் முதல் துவைப்பிலேயே குழந்தைகளின் தொப்புள் தெரிந்திருக்கும்.

மெஹ்ஜபின் மாலையை விலக்காமலேயே குனிந்து வேலை செய்தாள். படத்தைச் சர்வருக்கு அனுப்பாமல், அந்தக் கம்ப்யூட்டரின் சொந்த டிஸ்க்கிலேயே வேறோர் இடத்தில் முதலில் பத்திரப்படுத்தினாள். பிறகு சர்வரோடு இருந்த தொடர்பை அவிழ்த்துவிட்டுப் புதிதாகக் கட்டினாள். இப்போது சர்வரில் இருந்த படம் திறந்தது. பத்திரப்படுத்தியதைக் கொண்டுபோய் அதன் இடத்தில் வைத்தாள். ராக்கையா ஒவ்வொரு அளவையும் சரிபார்த்துவிட்டுத் தலையாட்டினார். கட்டிங் மிஷின் சத்தம் போட ஆரம்பித்தது.

ஆனால் நின்றது நின்றதுதானே. தமிழ்செல்வன் அதைத்தான் சொன்னான். "அதே பேரு, அதே படம்னு சொன்னியே கண்ணு. அப்பறம் ஏன் பழசுன்னு சொல்லுச்சு?"

"தப்பு எம்மேலதானுங்க. துண்டத் தூக்கிப் பாத்திருக்கோணும்" என்றாள். ராக்கையா குறுக்கே வந்து, அணைக்கச் சொல்லியும் அணைக்காதவன் நான்தான் என்றார். தமிழ்செல்வன் இரண்டு பேரையும் விட்டுவிட்டு, கேட்டதற்குப் பதில் வேண்டும் என்றான்.

அவள் விளக்கினாள். எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். சர்வருக்குள் எல்லாவற்றுக்கும் பொறுப்பாக கெர்னல் என்று ஒன்று இருக்கிறதாம். வேறு கம்ப்யூட்டர் வந்து ஒரு படத்தைக் கேட்டால், பெயரை அது முதல் தடவை மட்டும்தான் பார்க்கும். பார்த்துவிட்டு ஒரு சீட்டுக் கொடுக்கும். எந்த டிஸ்க், அதில் எந்த நம்பர் அறை, அந்த அறையில் எத்தனையாவதாகக் குடிவந்த ஆள் என்று அதில் இருக்கும். அடுத்த தடவையிலிருந்து பெயரே பேச்சில்லை, சீட்டைத்தான் நீட்ட வேண்டும். சீட்டில் இருப்பது பொருந்தவில்லை என்றால் கதவைத் திறக்காது. ராக்கையாவின் கம்ப்யூட்டர் நீட்டியது கழற்றிப்போட்ட டிஸ்க்கின் சீட்டு.

"டிஸ்க்கும் நம்பரும் செரி. எத்தனையாவது ஆளுன்னு எதுக்கு?" என்று கேட்டான் தமிழ்செல்வன்.

"உங்க ஊட்டுலயே நடந்துதுங்களே. மாமாதான் சொன்னாரு, உங்கப்பாவத் தேடி ஒரு பெரியவர் வந்த கதை."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தமிழ்செல்வனின் அப்பா, என் அக்கா புருஷன், பெயர் அப்புசாமி. பொங்கலூரில் அவரைத் தெரியாத ஆள் இல்லை. அவர் காலமானதும் பேரனுக்கு அந்தப் பெயரையே வைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் கவின், வீட்டில் அப்புசாமி. அக்கா புருஷன் பெயரைச் சொல்லமாட்டாள், மருமகள் ஜனனி மாமனார் பெயரைச் சொல்லமாட்டாள். அதனால் அவனை அந்தப் பெயரில் அழைப்பது நாங்கள் நாலு ஆண்கள் மட்டும்தான். நெடுநாள் வெளியூரில் இருந்த சிநேகிதர் ஒருவர், சாவுச் சேதி தெரியாமல், ஒரு பொட்டலம் புகையிலையோடு வந்து அப்புசாமி இருக்காருங்களா என்று கேட்டார். வேலைக்கு இருந்த பெண் இருக்காருங்க என்று உள்ளே போய், டவுசர் போட்ட ஒருவனைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து நிறுத்தினாள். பையன் பொட்டலத்துக்குக் கை நீட்டினான்.

"அதே ஊடு, அதே வாசல், அதே பேரு. ஆளு வேறங்க" என்றாள் மெஹ்ஜபின். "கெர்னல் வாசல்ல நின்னிருந்தா, இது முன்னால இருந்தவருக்கான சீட்டுங்க, அவரு இப்ப இல்லீங்கன்னு பெரியவரத் திருப்பி அனுப்பியிருக்கும். பையன் கையில பொகையிலை போயிருக்காது. இன்னிக்கு அது பழசுன்னு சொல்லாம ஏதோ ஒரு ஃபைல்ல மாஸ்டர் படத்த எழுதியிருந்தா, அதுல இருந்த வேற படம் அழிஞ்சிருக்குங்க. யாருக்கும் தெரியக்கூட தெரிஞ்சிருக்காது."

தமிழ்செல்வனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பன் நினைப்பும் வந்திருக்க வேண்டும், மூக்கைத் துடைத்துக்கொண்டான். ஸ்பீக்கரில் இன்னொரு சிரிப்பும் கேட்டது. கோயம்புத்தூர்க்காரர் லைனிலேயே இருந்திருக்கிறார்.

"ஏனுங்க சார்" என்றார் அவர், "உங்களுக்கு ஆள் வேண்டாம்னா, அந்தப் புள்ளைய எங்க கம்பெனிக்கு அனுப்பறீங்களா? நாங்க எடுத்துக்கறோம்."

தமிழ்செல்வன் படக்கென்று போனை எடுத்து அணைத்தான். அணைத்த பிறகும் அதைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அவன் மறுபடி கூப்புட்டா நீ எடுக்கக் கூடாது கண்ணு. அந்த ரூம் உன்னுது, நீயே பாரு. கோயமுத்தூர்ப் பேச்சே இனி கிடையாது."

"செரிங்க" என்றாள் மெஹ்ஜபின். ராக்கையா தட்டில் இருந்த பொரியை ஒரு கை அள்ளி அவளிடம் நீட்டினார். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, தின்றபடியே மாம்பழ ஒயரைப் பார்க்கக் குளிர் அறைக்குள் போனாள்.