இறங்கச் சொன்ன எடை

எடை பார்க்கும் நாளுக்கு முன்பு நாங்கள் துப்புவோம். கொஞ்சம் புளியை நாக்குக்கடியில் வைத்துக்கொண்டால் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும். அதை விழுங்காமல் ஒரு பாட்டிலில் துப்ப வேண்டும். எச்சிலும் எடைதான். திருவொற்றியூரிலிருந்து பாரிமுனைக்குப் போகும் பஸ் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் மாட்டி நிற்கும். நான் ஜன்னலோரம் துப்பிக்கொண்டே இருப்பேன். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எழுந்து போய்விடுவார்கள். ஒருமுறை நான் மாசமாக இருக்கிறேன் என்று நினைத்து ஒரு அம்மா ஊறுகாய்ப் பொட்டலம் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். தின்னவில்லை. உப்பு தின்றால் உடம்பு தண்ணீரை விடாது.

இதைத் தியாகம் என்று மாலை போட்டுப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிகிறது. தியாகமும் இல்லை, ஒன்றும் இல்லை. பைத்தியக்காரத்தனம். அதைப் பைத்தியம் என்று சொல்ல ஒரு ஆள்கூட இல்லை.

நான் பளு தூக்குகிறவள். ஐம்பத்தைந்து கிலோ பிரிவில் தூக்கினேன். நல்லாவே தூக்கினேன். அந்தப் பிரிவில் எங்கள் பயிற்சி ஹாலிலிருந்து இன்னொருத்தியும் இருந்தாள், என்னைவிடக் கொஞ்சம் அதிகம் தூக்குவாள். நாற்பத்தொன்பதில் ஆளே இல்லை. கோச் ஒரு சாயங்காலம் கம்பியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"மேல அவ கீறா. நீ கீழ எறங்கிடு."

"ஆறு கிலோ சார்."

"ஆறு கிலோல்லாம் ஒரு வெயிட்டா? ராத்திரி சோத்த வுடு, தன்னால போவும். ரெண்டு பேரும் ஒரே சீட்ல குந்திகினா டீமுக்கு பாயிண்ட்டு உங்க நைனாவா வந்து குடுப்பாரு?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மாநிலப் போட்டியில் டீம் ஜெயித்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்குப் போகும்போது அந்தச் சான்றிதழ் பேசும். அது இல்லாவிட்டால் நான் என்ன, இன்னொரு முறை பிளஸ் டூ எழுதவா போகிறேன்? இறங்கினேன்.

எங்கள் வீட்டில் இறங்குவது லேசில்லை. அம்மா அத்தோ கடை போடுகிறவள். பர்மாவிலிருந்து வந்த குடும்பம் எங்களுடையது. நூடுல்ஸில் முட்டைகோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணி, மிளகாய்த்தூள் எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து கொடுப்பாள். சாயங்காலமானால் தள்ளுவண்டியைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். வெங்காயம் எண்ணெயில் பொரிகிற வாசனை எங்கள் பாவாடை, தலையணை எல்லாவற்றிலும் இருக்கும். நான் அந்த வாசனைக்குள்ளேயே பட்டினி கிடந்தேன்.

"இன்னாம்மா, ஊருக்கெல்லாம் பிசைஞ்சு போடுற, உம் பொண்ணு எலும்பா கீது" என்பார்கள் தின்ன வந்தவர்கள்.

"அது ஸ்போர்ட்ஸு. அப்டிதான் இர்க்கணும்" என்பாள் அம்மா. அவளுக்கு அதில் ஒரு பெருமை. கோச் சொன்னதை அப்படியே நம்பினாள்.

நாலு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பேன். ஐந்தாம் நாள் அம்மா வண்டியை மூடும்போது மிஞ்சியதை எல்லாம் நின்றவாக்கில் தின்பேன். நூடுல்ஸ், முட்டை, தட்டில் ஒட்டிய வெங்காயம். ருசி தெரியாது. பிறகு ஹவுசிங் போர்டு வீட்டுப் பொதுக் கக்கூஸில் போய் விரலை விடுவேன். வாளியில் தண்ணீரைத் திறந்துவிட்டால் வெளியே சத்தம் கேட்காது. யாரும் சொல்லித்தரவில்லை. தொண்டையில் புளியும் மிளகாயும் திரும்பி வரும்போது எரியும். எரிந்தால் நல்லது என்று தோன்றும். தீட்டு நின்றுபோனது. அதற்கும் சந்தோஷப்பட்டேன், ஒரு தொல்லை விட்டது என்று.

உட்கார முடியாது. கால் தானாக ஆடும். மூன்று மாடியை ஏறி இறங்கிக்கொண்டே இருப்பேன். கீழ் வீட்டுக்காரி, "இன்னாடி, போலீசு தொரத்துதா?" என்பாள்.

எங்கள் ஹாலில் எடை மெஷின் கெட்டுக் கிடந்தது. அதனால் நாங்கள் எல்லோருமே அதே தெருவில் இருந்த காயலாங்கடையில் ஏறி எடை பார்ப்போம். பழைய இரும்பு, தகரம், அட்டை எல்லாம் எடை போடுகிற பெரிய மெஷின். கடைக்காரர், "இரும்பு வெலையா, பேப்பர் வெலையா?" என்று கேட்பார். நான் நாற்பத்தொன்பதைத் தொட்ட அன்று, "பேப்பரேதான்" என்றார். அப்படியொரு சந்தோஷம் எனக்கு.

பழைய சாமானை விற்கப் போகிறவனுக்குக் காயலாங்கடை மெஷின் குறைத்துத்தான் காட்டும். இது எங்கள் பக்கத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். ஓட்டைக் குடத்தை விற்கப் போகும்போது நானே சண்டை போட்டிருக்கிறேன். அதே மெஷினில் என் உடம்பை ஏற்றிவிட்டு, அது சொன்னதை வேதம் என்று எடுத்துக்கொண்டேன். கோச்சும்தான். ஹாலில் ஒருத்தருக்கும் அது உறைக்கவில்லை.

போட்டி நாளில் எடை பார்க்கும் அறையில் முக்கால் கிலோ அதிகம் என்றார்கள். ஒரு மணி நேரத்துக்குள் குறைத்துக்கொண்டு வந்தால் ஏற்றுக்கொள்வார்கள். ஸ்வெட்டர் மேல் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு வெயிலில் ஓடினேன். வியர்வை வர வேண்டும். உடம்பில் வியர்வையே இல்லை. எவ்வளவோ ஓடித் துப்பியும் இன்னும் நூறு கிராம் நின்றது. கோச் கத்தரிக்கோலோடு வந்தார்.

"முடி வளரும். சான்ஸு வளராது. குந்து."

குந்தினேன். பின்னலை அடியோடு வெட்டினார். அதுவும் போதாமல் காதோரம்வரை ஒட்ட வெட்டினார். மெஷின் நாற்பத்தொன்பது காட்டியது. தோளைத் தட்டினார்.

மேடையில் முதல் கம்பி, நான் வார்ம் அப்பில் தூக்குகிற எடை, தலைக்கு மேல் போகவே இல்லை. இரண்டாவது முறை போய்ப் பின்னால் விழுந்தது. மூன்றாவது முறை கம்பியைப் பிடித்தேன், அது தரையைவிட்டு எழும்பவில்லை. மூன்று வாய்ப்பும் போனால் மொத்தக் கணக்கு கிடையாது. டீமுக்கு ஒரு பாயிண்டும் இல்லை. இறங்கி வந்தபோது கண் இருட்டி விழுந்தேன்.

"தின்ட்டு வரத் தெரியாதா ஒனக்கு?" என்று கோச் கத்தினார். மயக்கத்திலும் அது எனக்குத் தெளிவாகக் கேட்டது. இன்றைக்கும் அந்த ஆளை எங்கேயாவது பார்த்தால் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்விடுகிறேன். பயத்தில் இல்லை.

அரசாங்க ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றும்போது அம்மா வந்தாள். முதலில் தலையைத்தான் பார்த்தாள்.

"எந்தக் கோயிலுக்குடி வேண்டிகின?"

டாக்டர் ஒரு பெண். கடைசியாக எப்போது தீட்டு வந்தது என்று கேட்டார். போன மாசம் என்றேன். அம்மா குறுக்கே விழுந்தாள். "பொய் சொல்லுது மேடம். பொங்கலுக்கு அப்புறம் வூட்ல பேடே வாங்கல." எல்லாவற்றையும் கவனித்திருக்கிறாள். ஸ்போர்ட்ஸ் என்றால் அப்படித்தான் போல என்று விட்டிருக்கிறாள். அவளைத் திட்டவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

டாக்டர் என் விரல் முட்டியைத் திருப்பிப் பார்த்தார். விரலை விடும்போது பல் பட்டுக் காய்த்துப்போன இடம். அங்கேயே மனநலப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்தார். அம்மா வெளியே வந்து, "பைத்தியத்துக்கு பாக்குற எடமாடி அது?" என்றாள். ஆமாம் என்றேன். கேட்வரை நடந்தாள். அப்புறம், "எப்ப வரச் சொல்லிகீறாங்க, வண்டிய அதுக்கேத்த மாதிரி போடணும்" என்றாள்.

அங்கே இருக்கிற மேடம் நிறையப் பேசுவார். பாதி என் காதில் ஏறாது. ஒன்று மட்டும் பிடித்துக்கொண்டேன். சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் தனியாக இருக்காதே, கக்கூஸ் பக்கம் போகாதே. அதை மட்டும் செய் என்றார், அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

ஹாலுக்கு நான் இப்போது போவதில்லை. திரும்பித் தூக்குவேனா என்று கேட்கிறவர்களிடம் உனக்கென்ன என்கிறேன். தூக்கினால் ஐம்பத்தைந்தில்தான். அதற்கு முன்னால் தின்றதை வயிற்றில் வைத்துக்கொள்கிற இந்த வேலை முடிய வேண்டும். முடிந்துவிட்டது என்று சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. போன வாரம்கூட ஒருநாள் தோற்றேன்.

சாயங்காலம் வண்டிக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து அம்மா பிசைந்து கொடுப்பதைத் தின்கிறேன். தின்று முடித்ததும் வயிறு கல்லாகக் கனக்கும், கால் ஆட ஆரம்பிக்கும், மனசு மாடிப்படியைப் பார்க்கும். அம்மா என் பக்கம் திரும்பாமலே முட்டைகோஸை முன்னால் தள்ளுவாள்.

"அறு."

"போதும்மா, நெறைய கீது."

"இர்க்கட்டும். சின்னதா அறு. கஷ்டமரு பாக்குறாங்க."

அறுக்கிறேன். யாருக்கும் தேவையில்லாத அளவுக்குப் பொடியாக.