கூப்பிடாமல் வந்த செம்பு

நான் போட்டது துத்தநாகம். திரையில் எழுந்து நின்றதோ செம்பு.

கொடைக்கானலில் என் முனைவர் பட்டத்துக்காக நான் ஆராய்ந்த சேர்மம் நண்டு மாதிரி. இரண்டு கைகளால் உலோகத்தைக் கவ்விக்கொள்ளும். மூலக்கூறுகளை எடைபோடும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்குள் அனுப்பினால், ஒரு தண்ணீர் மூலக்கூறை உதறிவிட்டுக் கைகோத்து வளையமாகிவிடும். எடையில் பதினெட்டு குறையும். என் ஆய்வேடே அந்தப் பதினெட்டுதான்.

அன்று வெள்ளனே எங்கள் ஊர் தாண்டிக்குடியில் முதல் பஸ் ஏறி வந்து, ஸ்டாக் பாட்டிலில் மொத்தமாகக் கரைத்து வைத்திருந்ததிலிருந்து மாதிரியைக் கலந்து ஏற்றினேன். துத்தநாகத்தை ஓரங்கட்டிவிட்டுச் செம்புக்கே உரிய இரட்டைக் கோடுகள் நின்றன. செம்பைக் கண்டால் என் சேர்மம் துத்தநாகத்தைக் கைகழுவிவிடும், தெரிந்த குணம்தான். ஆனால் செம்பு எங்கிருந்து வந்தது?

வழிகாட்டி மேடம் எட்டிப் பார்த்தார். "ஸ்டாக் பாட்டிலே கெட்டிருந்தா, இதுவரைக்கும் எடுத்த ரீடிங் எதையும் நம்ப முடியாதும்மா. முதல்லேர்ந்து செய்யணும்."

எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வரும். பாட்டிலை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தபோது அப்பா போன் செய்தார்.

"ஏந்தாயி, மருந்தடிக்கிற ஸ்வெட்டர நீயா எடுத்துட்டுப் போன?"

குனிந்து பார்த்தேன். காலைக் குளிரில் கொடியில் அகப்பட்டதை மாட்டிக்கொண்டு ஓடிவந்திருந்தேன். மலைக்காரர்கள் நாங்கள் ஸ்வெட்டருக்கு மேல்தான் ஆய்வகக் கோட்டே போடுவோம். கோட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கையோரத்தில் நீலப் பொடி காய்ந்து ஒட்டியிருந்தது.

"இதப் போட்டுக்கிட்டா காப்பிச் செடிக்கு மயில்துத்தம் கலக்குவீங்க?"

"பின்ன, பட்டு வேட்டி கட்டிக்கிட்டா கலக்குவாக?"

மயில்துத்தம் செம்பு உப்பு. தும்மினாலே உதிரும் பொடி. ஸ்வெட்டரைக் கழற்றிப் பையில் கட்டி வராந்தாவில் வைத்தேன். கையைத் தேய்த்துக் கழுவி, புதுக் குப்பியில், அதே பாட்டிலிலிருந்து மறுபடி கலந்தேன். குளிரில் பல் தந்தியடித்தது.

செம்பு வரவில்லை. துத்தநாகம் தன் இடத்தில் நின்றது. அதற்குப் பதினெட்டு கீழே என் வளையம்.

"பாட்டில் நல்லாத்தான் இருக்கு," என்றார் மேடம். அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தேன். அப்போதுதான் அழுகை வந்தது, வரட்டும் என்று விட்டுவிட்டேன். நான் நடுங்குவதைப் பார்த்து மேடம் தன் சால்வையை நீட்டினார்.

"துவைச்சதுதானே மேடம்?" என்று கேட்டுவிட்டுத்தான் வாங்கினேன்.