பகடை வேண்டாத அறை

என்னிடம் இருக்கிற புத்தகங்களில் நன்றாக எழுதப்பட்டது எது என்று கேட்டால் முப்பத்திரண்டு பக்கமுள்ள ஒரு விளையாட்டுப் புத்தகத்தைத்தான் சொல்வேன். ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு அதையே பாடம் நடத்திப் பிழைத்தவன் பேசுகிற பேச்சா இது என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். சிரிக்கிறவர்களில் பாதிப்பேர் நான் நடத்திய பாடப் புத்தகங்களையே முழுசாகப் படித்ததில்லை.

அது தனியே உட்கார்ந்து படிக்கிற கதை அல்ல. ஒருவன் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு இடத்தை வர்ணிப்பான். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ ஆகி, அந்த இடத்தில் என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். அது பலிக்குமா பலிக்காதா என்பதை இருபது முகமுள்ள பகடை தீர்மானிக்கும். புத்தகத்தில் உள்ளதை மற்றவர்களுக்குக் காட்டக்கூடாது. வைத்திருக்கிறவன் சொன்னால் சொன்னதுதான்.

தொண்ணூறுகளின் நடுவில் அது எங்கள் கைக்கு வந்தது. மேலப்பாளையத்து நண்பன் ஒருவன், கல்லூரிக்குப் போகிற பஸ்ஸில் மூன்று வருடமும் என் பக்கத்து இருக்கைக்காரன், கொண்டுவந்தான். அவனுடைய காக்கா, அதாவது அண்ணன், சவுதியில் வேலை பார்த்தார். அங்கே குடியிருப்பைக் காலி செய்துவிட்டுப் போன ஒரு வெள்ளைக்காரர் விட்டுச்சென்ற பெட்டியில் புத்தகமும் பகடைகளும் கிடந்திருக்கின்றன. "எனக்கு இங்கிலீசு ஓடாதுலே. நீ படிச்சுச் சொல்லு, நாங்க வெளையாடுதோம்" என்று என்னிடம் கொடுத்துவிட்டான். நாங்கள் என்றால் அவனும், சீவலப்பேரியிலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிற என் மாமா மகனும். மூன்று பேருக்கும் வேலை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆற்றங்கரைப் படித்துறையில், மருதமர நிழலில் உட்கார்ந்து ஆரம்பித்தோம்.

அணை கட்டியதில் மூழ்கிப்போன ஓர் ஊர். கடுங்கோடையில் நீர் வற்றி அந்த ஊரின் கோவில் மட்டும் வெளியே தெரிகிறது. அடுத்த மழைக்குள் உள்ளே போய் ஊர் மணியை மீட்டுக்கொண்டு வரவேண்டும். அவ்வளவுதான் கதை. ஆனால் எழுதியவர் மகா கெட்டிக்காரர். எந்த அறைக்கும் நாலு வரிக்கு மேல் வர்ணனை இல்லை. வெட்டிச் சாய்ப்பதற்கென்றே நிறுத்திவைத்த பூதம் ஒன்றுகூட அதில் கிடையாது. ஒன்றுக்குப் பசி, ஒன்றுக்குப் பிள்ளையைக் காணோம், ஒன்றுக்கு வெறும் பயம். கத்தியை உருவுமுன் ஒரு வார்த்தை பேசிப் பார்த்தவனுக்கு எப்போதும் ஒரு வழி வைத்திருந்தார். கதவை உடைக்கிறவன், தட்டுகிறவன், திரும்பி ஓடுகிறவன் எல்லோரையும் முன்கூட்டியே நினைத்துப் பார்த்து எழுதியிருந்தார்.

எங்களைத்தான் அவர் நினைத்துப் பார்க்கவில்லை. கோவில் வாசல் என்று நான் வாசித்ததுமே இவர்கள் இரண்டு பேரும் செருப்பைக் கழற்றிவிட்டார்கள். அதிலும் முதலில் கழற்றியவன் மேலப்பாளையத்தான். "கோவிலாச்சேலே, செருப்போட எப்படிப் போக?" என்றான். உள்ளே தரை முழுக்க உடைந்த கண்ணாடி. பூட்ஸ் போட்டவர்களுக்குப் பாதகமில்லை என்று ஒரே வரியில் முடித்திருந்தார் எழுதிய வெள்ளைக்காரர். பிறகென்ன, கடைசிவரை இரண்டு வீரர்களும் நொண்டிக்கொண்டே திரிந்தார்கள். இது போதாதென்று மாமா மகன் நாலரை மணி ஆனால் அடுத்த அறைக்கு வரமாட்டான். "ராகு காலத்துல புது வாசல் தாண்டினா வெளங்குமா?" என்பான். நாலரைக்கு ஆட்டத்தைக் கட்டிவைத்துவிட்டு ஆற்றில் இறங்கிக் குளிப்போம். அந்த ஐந்தாறு வாரம் சிரித்ததுபோல் நான் அப்புறம் சிரித்ததில்லை.

அந்த நாட்களிலேயே இன்னொரு யோசனையும் ஓடிக்கொண்டிருந்தது. நானும் மேலப்பாளையத்து நண்பனும் சேர்ந்து பாளையங்கோட்டையில் ஒரு டியூசன் சென்டர் தொடங்குவது என்று பேசியிருந்தோம். மாடி அறை ஒன்றைக்கூடப் பார்த்துவிட்டு வந்தோம். கரும்பலகையை எந்தச் சுவரில் மாட்டுவது என்று அவன்தான் காட்டினான். அப்படியிருக்க, அவனுக்கு விசா வந்துவிட்டது என்பதை எனக்கு மாமா மகன் சொன்னான். அவனே என்னிடம் சொல்லியிருக்கவேண்டும். எப்படிச் சொல்வதென்று தவித்திருப்பான் என்று இன்று தெரிகிறது. அன்று தெரியவில்லை. கூடவே இருந்து குழி பறித்துவிட்டான் என்று ஒரு வாரம் பொருமிக்கொண்டிருந்தேன்.

அந்த வாரத்து ஞாயிறுதான் கடைசி அறை. மணியை எடுத்தாகிவிட்டது. வெளியே போக மிச்சமிருப்பது மதகு மட்டும். அங்கே ஒரு காவலாளி நிற்கிறான். ஊர் மூழ்கிய அன்றே செத்தவன், வேலையை விடாமல் நிற்கிறான். அவனை எந்த வாளும் வெட்டாது. ஆயுதத்தைக் கீழே வைத்து, போக உத்தரவு கேட்கிறவனுக்கு அவன் மதகைத் திறப்பான். 'இங்கே பகடை வேண்டாம். கேட்டால் போதும்.' புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. ஒரு புத்தகம் முழுக்கப் பகடை உருட்டச் சொல்லிவிட்டு, முடிவில் கேட்டால் போதும் என்று எழுத எவ்வளவு பெரிய மனசு வேண்டும்!

நண்பன் கையிலிருந்த பகடையைக் கீழே வைத்தான். பிறகு, "வாளைக் கீழ வச்சிட்டேன். ஐயா, போயிட்டு வாரேன், உத்தரவு குடுங்கன்னு கேக்கேன்" என்றான்.

நான் அந்த வரியின்மேல் விரலை வைத்துக்கொண்டே சொன்னேன். "பகடையை உருட்டு."

"உருட்டணுமாலே?"

"உருட்டணும்."

உருட்டினான். இரண்டு விழுந்தது. வெள்ளம் அவனை அடித்துக்கொண்டு போய்விட்டது என்றேன். "இது அநியாயம்லே" என்று மாமா மகன் கத்தினான். நண்பன் பகடைகளைப் பொறுக்கி என் கையில் கொடுத்துவிட்டு, சட்டையைத் தட்டிக்கொண்டு எழுந்து போனான்.

எங்கள் பக்கம் தூரதேசம் போகிறவன் வேண்டியவர்கள் வீட்டுக்கெல்லாம் போய்ச் சொல்லிக்கொண்டுதான் கிளம்புவான். இருக்கிறவர்கள் வாய் நிறைய 'போயிட்டு வா' என்று சொல்லி அனுப்பவேண்டும். பகையாளிகூட அந்த வார்த்தையைச் சொல்லாமல் விடமாட்டான். கிளம்புவதற்கு முந்தின நாள் அவன் எங்கள் வீட்டுக்கு வந்தான். நான் காய்ச்சல் என்று போர்த்திக்கொண்டு படுத்துவிட்டேன். கட்டிலருகே வந்து நின்று, "போயிட்டு வாரேம்லே" என்றான். நான் கண்ணைத் திறக்கவில்லை. கொஞ்சநேரம் நின்றான். அப்புறம் அம்மாதான், "போயிட்டு வாப்பா" என்று சொல்லி அனுப்பினாள்.

இரண்டு வருடம் கழித்து, தன் தங்கச்சி கல்யாணத்துக்கு வந்தான். எல்லோருக்கும் கொடுத்த அதே அத்தர் குப்பி ஒன்றை எங்கள் வீட்டுக்கு வந்து எனக்கும் கொடுத்தான். 'லே' போய் 'வே' வந்திருந்தது. நீ என்பவன் நீர் என்றான். அந்த இரண்டு வருடத்தில் அந்தப் பக்கத்தை எத்தனை முறை படித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. புத்தகத்தை எடுத்து விரித்து அவன் முன்னால் வைத்து, "நான் உன்னை ஏமாத்திட்டேன்" என்றேன்.

அவன் குனிந்து பார்க்கவே இல்லை. "தெரியும் வே. உம்மகிட்ட குடுக்கதுக்கு முன்னாலயே அகராதியை வச்சுக்கிட்டு முழுசும் படிச்சிட்டேன்."

"தெரிஞ்சுமா கண்ணாடியில கால் வச்சே?"

"நீரு சொல்லக் கேக்கணும்னுதான் வெளையாட வந்தேன். ஜெயிக்கதுக்கா வந்தேன்?" என்றான். புத்தகத்தை மூடி என் பக்கம் தள்ளிவிட்டு, "அன்னைக்கு அந்தக் காவக்காரன்கிட்டயா வே உத்தரவு கேட்டேன்? உம்மகிட்டல்லா கேட்டேன்" என்றான்.

மன்னித்துவிடு என்று கேட்டேன். அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. அவன் என் தோளைத் தட்டி, "விடும் வே, பழைய கதை" என்றான். டீ வந்தது. குடித்தான். சக்கரை கூட என்று அம்மாவிடம் கேலிகூடப் பேசினான். சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

விடுமுறை முடிகிற வாரம் எங்கேயும் போகாமல் வீட்டிலேயே இருந்தேன். சொல்லவேண்டியதை மனசுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். இரண்டே வார்த்தை. அவன் போய் மூன்று நாள் ஆனபிறகு மாமா மகன் வந்தான். நண்பன் டவுன் பஸ் பிடித்துச் சீவலப்பேரிவரை வந்து சொல்லிக்கொண்டு போனானாம். எங்கள் தெருவிலும் இரண்டு வீட்டுக்கு வந்து சொல்லிக்கொண்டுதான் போயிருக்கிறான்.